ஓட்டையை அடைத்தவன்

ஜனவரி 18, சனி

மேல் வீட்டுக்கு இன்று காலையில் ஒரு பெண் வந்து இறங்கியிருக்கிறாள். பெயர் இபினாபோ. நைஜீரியாவில் ஆறெல்லாம் கடலில் போய்ச் சேருகிற பக்கம் அவள் ஊர். படம் வரைகிறவளாம், சிலை செய்கிறவளாம், இன்னும் என்னென்னவோ செய்கிறவளாம். குடியிருக்கிற தாமோதரனுக்குத் தூரத்துச் சொந்தம்.

தாமோதரன் என்றால் நம்மூர் ஆள் இல்லை. நிஜப் பெயர் தமுனோதோன்யே. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாடகைக்கு வந்த அன்றே அவனை நான் தாமோதரன் ஆக்கிவிட்டேன். இப்போது பால்காரரிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வரை எல்லாருக்கும் அவன் தாமோதரன்தான். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் எடுத்து லாகோஸுக்கு அனுப்புகிறான். பனியனில் ஒரு பொட்டு அழுக்கோ, ஓர் இழை ஓட்டமோ இருந்தால் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வேண்டாம் என்பான். அப்படித் தள்ளிய சரக்குதான் செகண்ட்ஸ். நான் காலமெல்லாம் செக்கிங்கில் உட்கார்ந்து ஓட்டை தேடித் தள்ளியவன். "நான் வீசினதெல்லாம் நீ பொறுக்கறே, அதான் நமக்குள்ள இத்தன ஒட்டு" என்று அவனிடம் சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான். சில நாள் சிரிக்க மாட்டான். அன்றைக்குப் பல்வலியாக இருக்கும்.

வந்த பிள்ளையிடம், இந்த வீட்டில் மோட்டார் போடும் முன்னால் மூன்று தட்டுத் தட்டி உத்தரவு கேட்க வேண்டும் என்று சைகையில் சொன்னேன். பாவம், கை தட்டினாள். தாமோதரன் மாடிப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜனவரி 20, திங்கள்

நொய்யல் பக்கம் மூடிக் கிடக்கிற பனியன் கம்பெனி குடோனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் கண்காட்சி. நடத்துகிறவள் சென்னையிலிருந்து வந்த மிருதுளா. முடியை ஆம்பளைப் பையன் மாதிரி வெட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். என்னை "உள்ளூர் ஆலோசகர்" என்று காகிதத்தில் போட்டிருக்கிறாள். ஏணி எங்கே கிடைக்கும் என்று சொல்வதுதான் என் ஆலோசனை.

தனி ஒருத்தர் செய்கிற கண்காட்சி இல்லை இது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே பனியன் எடுக்க வந்து தங்கிவிட்டவர்கள், கடல் தாண்டி வேறு வேறு ஊருக்குப் போனவர்கள், இவர்களைப் பற்றி எல்லாரும் கூடிச் செய்வது. கானாவிலிருந்து கோஜோ என்கிற போட்டோக்காரன் படங்கள் அனுப்பியிருக்கிறான். சரக்குப் பெட்டிகளை அடுக்கி உள்ளே டிவி வைத்திருக்கிறார்கள். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இடுப்பு வளையாது, பார்க்கவில்லை. நம்ம செக்கிங் பெண்கள் நூற்றுக்கணக்கான டீ-ஷர்ட்டில் கழுத்து லேபிளைப் பிரித்து, சைஸ் இருக்கும் இடத்தில் ஊரைவிட்டுப் போன ஒருத்தர் பெயரைத் தைத்து வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தொங்குகிற குழாயில் காதை வைத்தால் வியாபாரிகளின் குரல். தாமோதரன் குரலும் உண்டு. திருப்பூருக்கு வந்த முதல் மாதம் யாரும் வீடு கொடுக்காமல் ரயிலடியில் படுத்ததைத் தமிழில் சொல்கிறான். இதை என்னிடம் அவன் சொன்னதே இல்லை. ஒன்பது வருடம்.

நட்ட நடுவில் ஒரு கட்டில். இபினாபோவின் ஊரில் பெரியவர்கள் செத்தால் குடும்பத்துத் துணிகளால் ஓர் அறையில் கட்டிலை அலங்கரிப்பார்களாம். போன வருடம் செத்துப்போன அவள் அம்மாவின் துணியை அந்தக் கட்டிலில் விரிக்கப்போகிறாள். அந்தத் துணி நம்ம பக்கம் நெய்து, தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் போன கட்டம் போட்ட துணிதானாம். அதைப் பற்றி அவள் நீளமாகச் சொல்ல, மிருதுளா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஏணிக்காரனிடம் கலாட்டா பண்ணிக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை.

ஜனவரி 22, புதன்

எல்லாரும் சென்னைக்குப் போகிறார்கள். கோஜோவின் படங்கள் துறைமுகத்தில் சிக்கிக் கிடக்கின்றன. குடோனில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை என்று அம்மாவின் துணியை மேல் வீட்டில் தாமோதரன் பொறுப்பில் வைத்திருந்தாள் இபினாபோ. அவன் சாவியை என்னிடம் கொடுத்தான்.

"அப்பாரு, நாளைக்கு அந்தத் துணிய மட்டும் கொஞ்சம் வெயில்ல போட்டு எடுத்து வெச்சுரு. வேற ஒண்ணும் பண்ணிப்போடாத."

கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் நிற்கப்போகிறேன் என்றேன். "நீ செய்வே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான். இந்த வீட்டில் யாரும் இல்லாவிட்டால் என்ன நிம்மதி என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து தெருமுனை வரை போய்வந்தேன். மறுபடியும் போய்வந்தேன்.

ஜனவரி 23, வியாழன்

துணியை மொட்டை மாடிக் கொடியில் விரித்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். வெயில் அதில் பட்டதும்தான் தெரிந்தது.

சிவப்பும் நீலமும் கட்டம். நல்ல நூல், நல்ல சாயம். ஆனால் உடம்பெல்லாம் ஓட்டை. கட்டத்துக்குக் கட்டம் இழை இல்லை. எலி கடித்தால் தாறுமாறாக இருக்கும். இது வரிசை பிடித்து, விட்ட இடத்தில் விட்டு, எடுத்த இடத்தில் எடுத்து ஓடுகிறது. தறியில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறான் ஒரு களவாணி. அதைக் கப்பலில் ஏற்றி, அந்தப் பிள்ளையின் அம்மா தலையில் கட்டியிருக்கிறான் இன்னொரு களவாணி. அந்தக் காலத்திலேயே நாம் அவர்களுக்குச் செகண்ட்ஸ்தான் அனுப்பியிருக்கிறோம். அதை அவள் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, இங்கே கொண்டுவந்து, நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் கட்டிலில் விரிக்கப்போகிறாள். செக்கிங்காரன் எவனாவது பார்த்தால் சிரிப்பான். அவளைப் பார்த்துச் சிரிப்பான்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. துணியை மஞ்சப்பையில் வைத்து மீரான் பாயிடம் போனேன். கிழிந்த இடத்தில் ஊசியால் இழை இழையாக நெய்து மூடுகிற டார்னிங் வேலையில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாச்சிமுத்தண்ணே, இது டேமேஜ் மாதிரி தெரியலியே. யாரோ பிளேடு வெச்சு எடுத்தாப்பல இருக்குது."

நல்ல துணியை எந்தப் பைத்தியம் பிளேடு வைத்து எடுக்கும் என்று கேட்டேன். வாழ்நாளெல்லாம் டேமேஜ் பார்த்தவனுக்கே பாடம் எடுக்கிறீரா என்றேன். அவர் துணியை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். துணியின் ஓரத்திலிருந்தே இழை உருவிப் போடுவதாகச் சொன்னார், அப்போதுதான் நிறம் ஒத்துவருமாம். மகனையும் மருமகளையும் கூட உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

துணி வந்துவிட்டது. ஓட்டை இருந்த இடத்தை நானே தேடினேன், கிடைக்கவில்லை. அயர்ன் பண்ணி மடித்து வைத்தேன். அந்தப் பிள்ளை பிரித்துப் பார்க்கும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

ஜனவரி 27, திங்கள்

குடோனில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் நின்றார்கள். அவள் கட்டிலில் விரித்தாள். உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தடவினாள். திருப்பிப் போட்டுத் தடவினாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள். மிருதுளாவின் முகம் மாறியது.

"இது யாரோட துணின்னு கேக்கறாங்க. இவங்க அம்மா துணி எங்க?"

இதுதான்டா சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மிருதுளா படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். கடையில் வாங்கிய துணி எல்லாரிடமும் இருக்கும். அந்த அம்மா அதைப் பிளேடும் ஊசியுமாக உட்கார்ந்து இழை இழையாக வெட்டி எடுத்து, அதில் கோலம் உண்டாக்கியிருக்கிறாள். அவர்கள் பேச்சில் அதற்குப் பெயரே "வெட்டிய துணி" என்றுதான். வெட்டினால்தான் அது வாங்கிய துணியாக இல்லாமல் அவர்கள் துணியாக ஆகும். இந்தக் கண்காட்சியே அந்த ஓட்டைகளுக்காகத்தான் என்றாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இபினாபோ தாமோதரன் பக்கம் திரும்பினாள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. நடுநடுவே அவள் இங்கிலீஷில் சொன்னதை மிருதுளா தமிழில் சொல்லத்தான் புரிந்தது. திருப்பூரில் காலையில் ஒரு துணியைக் கொடுத்தால் சாயங்காலம் அச்சு அசலாக இன்னொன்று அடித்துத் தருவார்கள். அவன் பிழைப்பே அந்த மாதிரி ஆட்களோடுதான். பழைய துணி சேர்க்கிற பணக்காரன் எவனுக்கோ அம்மா துணியை விற்றுவிட்டு, கட்டத்தைப் பார்த்து ஒன்று நெய்யச் சொல்லிவைத்துவிட்டான் என்கிறாள். அவன் இல்லை இல்லை என்று கையை விரித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பாரு, நீ வெயில்ல போட்டயல்ல? அப்ப ஓட்ட இருந்துச்சா இல்லியா?"

"நான் பிரிச்சே பாக்கல கண்ணு" என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் ஓடியது. எதிர்வீட்டுக்காரி வந்து நிறுத்தினாள்.

ஜனவரி 29, புதன்

தாமோதரன் காலையில் இரண்டு பையோடு படி இறங்கினான். இபினாபோ ஏற்கெனவே மிருதுளா தங்கியிருக்கிற இடத்துக்குப் போய்விட்டாள்; இந்தத் தெருவில் இருக்க முடியாதென்று இவன் லாட்ஜுக்குப் போகிறானாம். அவனைக் குடோனுக்குள் விடக்கூடாது என்று குடோன்காரர் சொல்லிவிட்டார். "இவங்கள நம்பி எதுக்கு உள்ள விட்டீங்க" என்று மிருதுளாவிடம் கேட்டாராம். கூரையிலிருந்து அவன் குரல் வருகிற குழாயைக் கழற்றிவிட்டார்கள். காதர்பேட்டையில் அவனுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கிறவர்கள் காதுக்கும் செய்தி போய்விட்டது. பால்காரர்கூட, "அப்படிப்பட்ட ஆளாங் அவன்?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் பால் ஊற்றினார்.

அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "வாடக பாக்கியோட ஓடறயா?" என்றேன். எப்போதும் சொல்கிற பேச்சுதான். அவன் நின்று, இந்த மாத வாடகை கொடுத்துவிட்டேனே என்றான். நிஜமாகவே பதில் சொன்னான். ஒன்பது வருடத்தில் என் கேலிக்கு அவன் நிஜமாகப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

ரேடியோ போட்டேன், நிறுத்தினேன். மாடிக்குப் போனேன், இறங்கினேன். நாற்காலி எல்லாம் இன்றைக்குக் குத்துகிறது.

ஜனவரி 30, வியாழன்

விடிந்ததும் குடோனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நான்தான் மீரான் பாயிடம் கொடுத்து அடைத்தேன் என்றேன்.

மிருதுளா என் தோளில் கைவைத்து, "தாத்தா, அவரைக் காப்பாத்த நினைக்கிறீங்க, புரியுது. ஆனா இந்த விஷயத்துல விளையாடாதீங்க" என்றாள். இபினாபோ என்னைப் பார்த்து, அன்றைக்கு மோட்டாருக்குத் தட்டின மாதிரி கையை மூன்று தட்டுத் தட்டினாள். சிரிக்காமல் தட்டினாள்.

ஓட்டமும் நடையுமாகப் போய் மீரான் பாயைக் கூட்டிவந்தேன். அவர் பாவம், நான் மூடியதுதான் இது என்று சத்தியம் பண்ணினார். எங்கே, மூடிய இடத்தைக் காட்டுங்கள் என்றாள் மிருதுளா. பாய் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. இரண்டு கிழவர்களும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

வெளியே வந்ததும் பாய் என் சட்டையைப் பிடித்தார். "நான் அன்னிக்கே சொன்னனே அண்ணே, பிளேடு பட்ட மாதிரி இருக்குதுன்னு." சொன்னார்தான்.

ஜனவரி 31, வெள்ளி

நாளைக்குத் திறப்பு. கட்டில் வெறுமனே கிடந்தது. போலித் துணியை விரிக்க மாட்டேன் என்று அவள் அதைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டிருந்தாள்.

நான் கேட்காமலே அதை எடுத்துவந்து கட்டிலில் விரித்து, பையிலிருந்து பிளேடை எடுத்தேன். மிருதுளா ஓடிவந்தாள். போலித் துணிதானே அம்முணி, வெட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவள் நின்றுவிட்டாள். இபினாபோ எதிரே வந்து நின்றாள்.

கண்ணால் பார்த்து ஆகாது என்று நேற்றே தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஓட்டினேன். ஊசி போன இடத்தில் இழை ஒரு மயிரளவு தடித்திருக்கும். தடவத் தடவ எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.  தப்பான இழையை அறுத்துவிட்டால் அவள் அம்மா விட்டுவைத்ததையும் நான் அழித்தவனாவேன். ஒரு தடவை பிளேடை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இன்னொரு தடவையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் விரல் நின்றது. பிளேடு முனையால் நெம்பி இழுத்தேன். ஓர் இழை வந்தது. அதன் பக்கத்து இழை தானாகத் தளர்ந்தது. ஊசியால் கொக்கி போட்டு அதையும் இழுத்தேன்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சின்னக் கட்டம் ஒன்று திறந்து, வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்தது.

இபினாபோ அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். ஓட்டையின் ஓரத்தில் அம்மா வெட்டிய பழைய இழை முனைகள் பஞ்சாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தன. அதைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலைநிமிர்ந்து என்னைத் திட்டினாள். அவள் பேச்சில், ரொம்ப நேரம். மிருதுளா தமிழில் சொல்லவில்லை. தேவையும் இல்லை.

பிறகு தாமோதரனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. லாட்ஜுக்குப் போனாள். தனியாகத் திரும்பி வந்தாள். கதவுக்கு வெளியிலேயே மன்னிப்புக் கேட்டாளாம். அவன் கதவைத் திறக்கவில்லையாம்.

பிப்ரவரி 1, சனி

ராத்திரியெல்லாம் அவள் உட்கார்ந்தும் துணியில் பத்துப் பதினைந்து ஓட்டைதான் திறந்திருக்கிறது. மீதியைத் திறக்க அவளுக்கு மாதக்கணக்கு ஆகும். என்னைத் தொடவிட மாட்டாள். அப்படியே கட்டிலில் விரித்தாள். என்னைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் நிறுத்தினாள். வருகிற ஒவ்வொருத்தரிடமும் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டும். வேடிக்கையாகச் சொன்னால் அந்த நிமிடமே துணியைச் சுருட்டிவிடுவாள். இது மிருதுளா தமிழில் சொன்னது.

தாமோதரனின் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். குடோன்காரர் மாலை போட்டுக்கொண்டு விளக்கேற்றினார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எனக்குச் சொல்லத்தான் வருமா என்று இருந்தது. முதலில் வந்தவர்கள் செக்கிங் பெண்கள். எல்லாரும் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். நான் ஆரம்பித்ததுமே சிரித்தார்கள், வழக்கம்போல் ஏதோ கதை விடுகிறேன் என்று. நான் சிரிக்காமல் சொல்லிக்கொண்டே போனேன். தாமோதரனைத் திருடன் என்றார்கள், நான் பேசாமல் நின்றேன் என்கிற இடம் வந்ததும் ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனாத்தாள் துணியைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நல்ல கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. கால் வீக்கம். மேல் வீட்டில் விளக்கு எரியவில்லை, இருந்தாலும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

லாட்ஜ் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மத்தியானம் கூட்டம் குறைவு. வரிசையில் ஏழெட்டுப் பேர். ஒருத்தருக்குச் சொல்லி முடித்துத் திரும்பினால் எதிரே தாமோதரன் நிற்கிறான். வெள்ளைச் சட்டை போட்டு, பார்க்க வந்த அந்நிய ஆள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"இந்தத் துணிக்கு என்ன ஆச்சுங்?" என்று கேட்டான்.

வேறு வழி இல்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மொட்டை மாடி, வெயில், மீரான் பாய், பிளேடு. உன்னைத் திருடன் என்றார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, மேல் வீட்டில் குடியிருந்தவரைத் திருடன் என்றார்கள் என்று மற்றவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன்.  இபினாபோ கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

முடித்ததும் அவன் தமிழை மாற்றிக்கொண்டான். எங்கள் வீட்டு மாடிப்படித் தமிழ்.

"அன்னிக்கு நான் உன்னத்தான கேட்டேன். பிரிச்சே பாக்கலைன்னு ஏன் சொன்னே அப்பாரு?"

"பயந்துட்டேன் கண்ணு."

"பயம் எல்லாருக்கும் இருக்குது. அதக் கேக்கல."

பின்னால் நின்றவர்கள் நகரவில்லை. எனக்கு ஒரு கேலிப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. நிஜமாகவே வந்தது, இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதை விழுங்கினேன்.

"உம்மேல போட்டா நிக்கும்னு தெரிஞ்சுது" என்றேன். "வேற யார் மேல போட்டிருந்தாலும், அவனா, சேச்சேன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. நம்ம தாமோதரனா, சேச்சேன்னு யாரும் சொல்லல. அது எனக்கு வசதியாப் போச்சு."

அவன் கட்டிலைப் பார்த்தான். மூடியும் திறந்தும் கிடக்கிற துணியைப் பார்த்தான்.  

"இது நீ சொல்றதுல இல்ல" என்றான். "இதையும் சேத்துச் சொல்லு."

தூணோரம் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டான். போகவில்லை. அடுத்து, பள்ளிக்கூடப் பெண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தாள். இது என்னங் பெரியவரே, ஒரு பக்கம் மட்டும் ஓட்டையா இருக்குது என்றாள்.

சேர்த்துச் சொன்னேன்.